28 கேப்களும் ஒரு புது விதியும்: வெளிநாடு சென்ற வேல்ஸ் ரக்பி வீரர் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

வேல்ஸ் தேசிய அணியில் ஸ்க்ரம்-ஹாஃப் என்ற இடத்தில் ஆடிவந்த ஒரு வீரர், 2017 இலையுதிர் காலத்தில் பிரான்சின் தூலோன் கிளப்புடன் மூன்றாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்தச் செய்தி வெளியான சில நாட்களுக்குள் வேல்ஸ் ரக்பி யூனியன் தன் தேர்வு விதியை மாற்றியது. புது விதிப்படி, அவர் பிரான்சுக்குப் போனதும் நாட்டுக்காக ஆடும் தகுதியை இழப்பார். அப்போது அவருக்கு வயது 28. அந்தக் கோடையில்தான் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்கள் சேர்ந்து ஆடும் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்காக நியூசிலாந்தில் ஆடிவிட்டுத் திரும்பியிருந்தார்.

இங்கே எழுதியிருப்பவை பத்திரிகைகளிலும் யூனியன் அறிவிப்புகளிலும் பதிவானவை. ரக்பியைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் ஆளை உடனே கண்டுகொள்வார்கள். ஆனாலும் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். நமக்குத் தேவை ஆள் அல்ல, எடுக்கப்பட்ட முடிவுகள்.

பின்னணி: சின்ன நாடு, நான்கு அணிகள்

வேல்ஸின் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். ரக்பி யூனியன் ஆட்டம் 1995இல் தொழில்முறையானது. அதன்பின் ஊருக்கு ஊர் இருந்த பழைய கிளப்புகள் அத்தனைக்கும் சம்பளம் கொடுக்க நாட்டில் பணம் இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 2003இல் அவற்றைச் சேர்த்து ஐந்து வட்டார அணிகளாக்கினார்கள். அடுத்த ஆண்டே அதில் ஒன்று கலைக்கப்பட்டது. மிச்சம் கார்டிஃப், ஆஸ்ப்ரீஸ், ஸ்கார்லெட்ஸ், டிராகன்ஸ் ஆகிய நான்கு.

பிரான்சில் நிலைமை வேறு. அங்கே டாப் 14 லீக்கின் தொலைக்காட்சி வருமானம் பெரியது, கையில் காசுள்ள உரிமையாளர்களும் உண்டு. தூலோனையே எடுத்துக்கொள்வோம். மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு கடற்படைத் துறைமுக ஊர். காமிக்ஸ் பதிப்பகம் நடத்திப் பணம் சேர்த்த ஒருவர் அந்தக் கிளப்பை வாங்கி, உலகெங்கும் இருந்து நட்சத்திரங்களை இறக்கினார். 2013, 2014, 2015 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பை அந்த ஊருக்குப் போனது. இப்படிப்பட்ட கிளப் ஒரு தொகையைச் சொன்னால், ஆஸ்ப்ரீஸோ டிராகன்ஸோ அதற்கு ஈடு கொடுப்பது கடினம்.

2011 முதல் 2014 வரை வேல்ஸின் முதல்தர வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். பேயோன், பாரிஸ், கிளெர்மோன், நார்தாம்ப்டன், தூலோன் என்று பட்டியல் நீண்டது. யூனியனுக்கு இதில் இரண்டு கவலைகள். முதலாவது, உள்ளூர் அணிகள் நட்சத்திரங்கள் இல்லாமல் காய்ந்துபோவது. இரண்டாவதுதான் நடைமுறையில் அதிகம் உறுத்தியது. உலக ரக்பி அமைப்பின் 9ஆம் ஒழுங்குவிதிப்படி, குறிப்பிட்ட சர்வதேச வாரங்களில் மட்டும்தான் கிளப்புகள் வீரர்களை நாட்டு அணிக்கு விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவை. வேல்ஸோ வருமானத்துக்காக இலையுதிர் காலத்தில் நான்காவதாக ஓர் ஆட்டத்தை அந்த வாரங்களுக்கு வெளியே வைக்கும் வழக்கம் கொண்டது. 2013 நவம்பரில் அப்படியோர் ஆட்டத்துக்குத் தன் வேல்ஸ் விங்கரை அனுப்பியதற்காக நார்தாம்ப்டன் கிளப்புக்கு 60,000 பவுண்டு அபராதம் விழுந்தது. வெளிநாட்டுக் கிளப்பில் இருப்பவர் நாட்டு அணியின் முழு ஆள் அல்ல என்பதை இந்த ஒரு ரசீதே யூனியனுக்குச் சொல்லியிருக்கும்.

2014 ஆகஸ்டில் யூனியனும் நான்கு அணிகளும் ஆறாண்டுகளுக்கு 6 கோடி பவுண்டு மதிப்புள்ள உடன்பாடு ஒன்றைச் செய்தன. அதில் வந்ததுதான் இரட்டை ஒப்பந்தம். முக்கிய வீரர் ஒருவரின் சம்பளத்தில் 60 சதவீதத்தை யூனியனும் 40 சதவீதத்தை வட்டார அணியும் கொடுக்கும். கூடவே, வெளிநாட்டில் ஆடுபவர்களில் குறைந்த எண்ணிக்கையினரை மட்டுமே பயிற்சியாளர் விதிவிலக்காகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கட்டுப்பாடும் வந்தது. பேச்சுவழக்கில் அதைத் தலைமைப் பயிற்சியாளரின் பெயராலேயே அழைத்தார்கள். அவர் நியூசிலாந்துக்காரர். உள்நாட்டில் ஆடுபவனுக்குத்தான் நாட்டுச் சட்டை என்பது அவர் ஊரில் நெடுநாள் வழக்கம்.

வீரர்: 2012 முதல் 2017 கோடை வரை

வேல்ஸின் பிரிட்ஜெண்ட் பகுதியைச் சேர்ந்தவர், ஆஸ்ப்ரீஸில் வளர்ந்தவர். வேல்ஸுக்காக முதலில் ஆடியது 2012இல், இத்தாலிக்கு எதிராக. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் நின்று, ரக்கிலிருந்து (தரையில் கிடக்கும் பந்துக்காக வீரர்கள் முட்டிமோதும் இடம்) வரும் ஒவ்வொரு பந்தையும் எடுத்து எங்கே அனுப்புவது என்று நொடியில் முடிவெடுப்பதுதான் ஸ்க்ரம்-ஹாஃபின் வேலை. இவரது பலம் வேகம். இடைவெளி தெரிந்தால் தானே புகுந்துவிடுவார்.

2015இல் அவர் நாட்டின் முதல் தேர்வு. உலகக் கோப்பைக்கு இரண்டே வாரம் இருக்கையில், கார்டிஃபில் இத்தாலியுடன் நடந்த ஆயத்த ஆட்டத்தில் காலில் அடிபட்டு வெளியேறினார். கோப்பை போயிற்று. இது விதியின் பிழை அல்ல, அடிதான். ஆனால் பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள இந்தத் தகவல் வேண்டும்.

2017 ஜூனில் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் நடந்த முதல் டெஸ்டில் மாற்று வீரராக இறங்கி, லயன்ஸுக்காகக் கடைசி நிமிடத்தில் ஒரு ட்ரை வைத்தார், அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்தார். லயன்ஸ் அன்று 15-30 எனத் தோற்றது. ஆனால் இவரது சந்தை மதிப்பு அதன் உச்சிக்குப் போனது. ஆஸ்ப்ரீஸுடனான ஒப்பந்தம் 2018 கோடையில் முடியப்போகிறது. ஒரு ஸ்க்ரம்-ஹாஃபின் ஆட்டக்காலத்தில் நல்ல விலைக்குப் பெரிய ஒப்பந்தம் கிடைக்கும் வயது 28, 29தான். 32இல் யாரும் அந்தத் தொகையைத் தரமாட்டார்கள்.

2017 அக்டோபர்

தூலோன் ஒப்பந்தம் அக்டோபர் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அதையடுத்துச் சில நாட்களில் யூனியனும் நான்கு அணிகளும் சேர்ந்து புதிய கொள்கையை வெளியிட்டன. அதன் சாரம் இதுதான்:

வேல்ஸுக்கு வெளியே ஆடும் வீரர் நாட்டு அணிக்குத் தேர்வாக வேண்டுமானால், குறைந்தது 60 கேப் எடுத்திருக்க வேண்டும். நாட்டுக்காக இறங்கும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு கேப். ஏற்கெனவே வெளியே ஆடிக்கொண்டிருப்பவர்கள் நடப்பு ஒப்பந்தம் முடியும்வரை தொடரலாம். உள்ளூர் அணி எதுவும் ஒப்பந்தமே தர முன்வராத வீரருக்கு விலக்கு உண்டு.

நம் வீரரிடம் 28 கேப்கள் இருந்தன. அவர் அப்போது வெளியே ஆடவில்லை, வேல்ஸில்தான் இருந்தார். போகப்போவது புதிய ஒப்பந்தத்தில். எனவே இரண்டு விலக்குகளும் அவருக்குப் பொருந்தவில்லை. இப்படியொரு விதி வருவது தெரிந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன் என்ற பொருளில் அவர் பேசியது அப்போதே பத்திரிகைகளில் வந்தது.

கணக்கைப் பார்த்தால் அவருக்குத் தப்பிக்க வழியே இல்லை. 2017 நவம்பர் முதல் 2018 ஜூன் வரை வேல்ஸ் ஆடியது மொத்தம் 12 ஆட்டங்கள்: இலையுதிரில் நான்கு, ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸில் ஐந்து, கோடையில் மூன்று. எல்லாவற்றிலும் இறங்கினாலும் 40தான் வரும். அதே ஆஸ்ப்ரீஸில் இவருக்குப் பக்கத்தில் நின்று, இவர் அனுப்பும் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்திய ஃப்ளை-ஹாஃபும் அந்த ஆண்டே நார்தாம்ப்டனுக்குப் போக ஒப்புக்கொண்டிருந்தார். அவரிடம் 50க்கு மேல் கேப்கள் இருந்ததால், கிளம்புவதற்குள் 60ஐத் தாண்டிவிட்டார். இருவரும் ஒரே அணி, ஒரே பருவத்தில் வெளியேறுகிறார்கள். ஒருவருக்குக் கதவு திறந்திருந்தது, மற்றவருக்கு மூடியது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் நியாயமும்

யூனியன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. விதிவிலக்குத் தேர்வு முறை ஒவ்வோர் ஆண்டும் சர்ச்சையைக் கிளப்பியது. யாருக்கு விலக்கு, யாருக்கு இல்லை என்பது பயிற்சியாளரின் தயவாக மாறியிருந்தது. எண்ணிக்கை ஒன்றை வைத்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல். நீண்ட காலம் உழைத்தவர் கடைசியில் வெளியே போய்ச் சம்பாதிக்கட்டும், இளையவர் உள்ளேயே இருக்கட்டும் என்ற எண்ணமும் சரியானதே.

60 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒரு வேடிக்கை. 2015இல் ஆஸ்திரேலியா இதே எண்ணைக் கொண்டு ஒரு விதி போட்டது. 60 டெஸ்ட் ஆடி, உள்நாட்டில் ஏழு ஆண்டு உழைத்தவர் வெளிநாட்டில் இருந்தாலும் தேர்வாகலாம். மேட் கிட்டோ என்ற வீரரின் பெயரால் அறியப்படும் விதி அது. அவர் ஆடிக்கொண்டிருந்த கிளப்பும் தூலோன்தான். ஆனால் அங்கே அதுவரை முழுக்க மூடியிருந்த கதவைச் சற்றுத் திறக்க 60 பயன்பட்டது. வேல்ஸில் பாதி திறந்திருந்த கதவைச் சாத்த அதே 60 பயன்பட்டது. எண் ஒன்றுதான், பாதிக்கப்படுபவர்கள் வேறு. ஆஸ்திரேலிய விதி வந்த நாளில் யாரும் எதையும் இழக்கவில்லை. வேல்ஸ் விதி வந்த நாளில் ஒருவர் இழந்தார். அப்படி இழப்பவர் யார் என்று பெயரோடு தெரிந்த பிறகும், அவருக்காக ஓர் இடைக்கால ஏற்பாடு செய்யப்படவில்லை.

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். விதியின் கடுமை வாதத்துக்குரியது, இரு பக்கமும் பேசலாம். கையெழுத்துப் போட்ட தேதியைக் கணக்கில் எடுக்காமல், ஊருக்குப் போய்ச் சேரும் தேதியைக் கணக்கில் எடுத்ததை நியாயப்படுத்துவது கடினம். ஏற்கெனவே வெளியே இருந்தவர்களின் ஒப்பந்தத்தை மதித்த யூனியன், அறிவிப்புக்கு முன்பே முடிந்துவிட்ட இந்த ஒப்பந்தத்தை மதிக்கவில்லை. இப்படிப்பட்ட கொள்கை ஒரே நாளில் உருவாவதில்லை. அணிகளோடும் யூனியனுக்குள்ளும் பல சுற்றுப் பேச்சு நடந்தால்தான் வெளிவரும். அந்தப் பேச்சு நடந்த காலத்தில்தான் ஒப்பந்தம் முடிவடையப்போகும் வீரர்கள் தங்கள் எதிர்காலத்தைத் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2014 முதலே வெளியே போவது ஆபத்து என்பது வேல்ஸில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பழைய விதியின்படியே போனாலும், விதிவிலக்குப் பட்டியலில் இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இவருக்கு இல்லை. 28 கேப்களோடு மூன்றாண்டுக்குக் கையெழுத்திடும்போது அந்த ஆபத்தைக் கொஞ்சமாவது ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஆபத்து வேறு, உறுதியான தடை வேறு என்று வாதிடலாம். அதுவும் உண்மையே.

2018–19: தூலோன்

2017 இலையுதிர் ஆட்டங்களில் பயிற்சியாளர் அவரைத் தேர்ந்தெடுத்தார். அதோடு கேப் எண்ணிக்கை 31ஆனது. அப்புறம் முழங்காலில் பிரச்சினை. 2018 சிக்ஸ் நேஷன்ஸ் முழுவதும் இல்லை. கோடையில் பிரான்சுக்குப் போனார், விதி அமலுக்கு வந்தது.

போன இடமும் பழைய தூலோன் அல்ல. மூன்று ஐரோப்பியக் கோப்பைகளின் காலம் முடிந்திருந்தது. 2018–19 பருவத்தில் டாப் 14இன் முதல் ஆறு இடங்களுக்குள்ளேயே அந்த அணி வரவில்லை.

வேல்ஸ் பக்கம் நடந்ததை நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். அவர் இல்லாத காலத்தில்தான் நாட்டு அணி உச்சத்துக்குப் போனது. 2018 மார்ச் முதல் 2019 மார்ச் வரை தொடர்ந்து 14 வெற்றிகள், 2019 சிக்ஸ் நேஷன்ஸில் கிராண்ட் ஸ்லாம் (எல்லா ஆட்டத்திலும் வெற்றி), அந்த ஆகஸ்டில் சிறிது காலம் உலகத் தரவரிசையில் முதலிடம். ஸ்க்ரம்-ஹாஃப் இடத்தில் வேறு இருவர் மாறி மாறி ஆடி நன்றாகவே செய்தார்கள். விதியை ஆதரித்தவர்களுக்கு இது கையில் கிடைத்த சான்று.

ஆனால் 2019 அக்டோபர் 27 அன்று யோகோஹாமாவில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேல்ஸ் 16-19 எனத் தென்னாப்பிரிக்காவிடம் தோற்றது. அன்று எதிரணியின் ஸ்க்ரம்-ஹாஃப் அப்போது இங்கிலாந்தின் சேல் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர். தென்னாப்பிரிக்காவும் முன்பு 30 கேப் என்று ஒரு வரம்பு வைத்திருந்தது. உலகக் கோப்பை ஆண்டு பிறந்ததும் அதைத் தூக்கிவிட்டது. தன் நாணயமான ரேண்டின் மதிப்பை வைத்துக்கொண்டு பவுண்டோடும் யூரோவோடும் போட்டி போட முடியாது என்று ஒப்புக்கொண்ட நாடு அது. அடுத்த வாரம் கோப்பையையும் அதுவே வென்றது. ஒருவர் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்வது வெறும் ஊகம், அதை நான் சொல்லவில்லை. எதிரே நின்ற நாடு வேறு முடிவெடுத்திருந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

நம் வீரருக்கு இது தவறிய இரண்டாவது உலகக் கோப்பை. முதலாவது காயத்தால், இரண்டாவது விதியால்.

திரும்புதல்: 2019 இறுதி முதல் 2020 வரை

உலகக் கோப்பை முடியும் தருவாயில், ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டை ஆடாமல் தூலோனை விட்டு விலகுவது என்று முடிவானது. சொல்லப்பட்டது குடும்பக் காரணம். அதற்குள் நாம் போக வேண்டியதில்லை. 2020–21 பருவத்திலிருந்து மீண்டும் ஆஸ்ப்ரீஸ் என்று கையெழுத்தானது.

இங்கே விதி ஒரு விசித்திரமான இடத்துக்கு வந்தது. வேல்ஸுக்குப் புதுத் தலைமைப் பயிற்சியாளர் வந்திருந்தார், அவருக்கு இவர் வேண்டும். அடுத்த பருவத்துக்கு வேல்ஸ் அணியோடு ஒப்பந்தம் இருப்பதால் 2020 சிக்ஸ் நேஷன்ஸுக்கே தகுதி உண்டு என்று நிர்வாகம் முடிவுசெய்தது. தூலோனும் முன்கூட்டியே விடுவித்தது. ஆஸ்ப்ரீஸுக்குப் போகும்வரை குறுகிய கால ஒப்பந்தத்தில் இங்கிலாந்தின் பாத் கிளப்பில் ஆடினார். ஆக, 60 கேப்பில் பாதியைச் சற்றே தாண்டிய ஒருவர், இங்கிலாந்துக் கிளப்பில் இருந்துகொண்டே வேல்ஸுக்கு ஆடினார். 2017இல் மதிக்கப்படாத கையெழுத்துத் தேதி 2020இல் மதிக்கப்பட்டது. போகும்போது போய்ச் சேரும் நாள் கணக்கு, வரும்போது கையெழுத்துப் போட்ட நாள் கணக்கு. இரண்டு முறையும் யூனியனுக்கு வசதியான தேதி.

2020 இலையுதிருக்குப் பிறகு அணியில் இடம் போனது. இம்முறை காரணம் விதியல்ல, வழக்கமான தேர்வு.

2023

2022 இறுதியில் பழைய நியூசிலாந்துப் பயிற்சியாளரே திரும்பி வந்தார். 34 வயதில் நம் வீரரை மறுபடி அழைத்தார். 2023 மார்ச் 11 அன்று ரோமில் இத்தாலியை வேல்ஸ் 29-17 என வென்றது. ஆட்ட நாயகன் இவர்.

அதற்குச் சில வாரம் முன்பு வேறொன்று நடந்திருந்தது. வட்டார அணிகளில் பணம் தீர்ந்துகொண்டிருந்தது. அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் கிடைக்குமா என்றே தெரியாமல் பல வீரர்கள் இருந்தார்கள். பிப்ரவரி 25 அன்று நடக்கவிருந்த இங்கிலாந்து ஆட்டத்தைப் புறக்கணிப்போம் என்று தேசிய அணி எச்சரித்தது. அவர்கள் வைத்த கோரிக்கைகளில் 60 கேப் விதியும் ஒன்று. உள்ளூரில் சம்பளத்துக்கு வழியில்லை, வெளியே போனால் நாட்டு அணி இல்லை என்றால் எங்கேதான் போவது என்பது அவர்கள் வாதம். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு உடன்பாடு வந்தது. வரம்பு 60இலிருந்து 25ஆகக் குறைந்தது.

2017இல் கையெழுத்திட்ட நாளில் அவரிடம் இருந்தவை 28.

அந்த ஆண்டு உலகக் கோப்பைக்கான பயிற்சிக் குழுவில் அவர் பெயர் இருந்தது. ஆனால் கோடையில் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகி, மீண்டும் பிரான்சுக்கு, பியாரிட்ஸ் கிளப்புக்கு, ஒப்பந்தமானார். மொத்தம் 40 கேப்கள். உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றுகூட இல்லை. அதன்பின் அவர் ஆட்டவாழ்வில் நடந்தவை தனிக் கதை, இந்த ஆய்வுக்கு வெளியே.

எதை மாற்றலாம்

யூனியன் பக்கம்: தகுதி விதியை மாற்றும்போது, அறிவிப்பு நாளுக்கு முன் கையெழுத்தான எல்லா ஒப்பந்தங்களுக்கும் விலக்கு கொடுத்திருக்கலாம். 2017இல் அதனால் யூனியனுக்கு நேர்ந்திருக்கக்கூடிய நஷ்டம் ஒரே ஒரு வீரர் சில ஆண்டுகள் வெளியே இருப்பதுதான். அதோடு, ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பருவத் தொடக்கத்தில் பேசப்படுகின்றன என்பதால், மாற்றம் வருகிறது என்பதை வீரர்களின் முகவர்களுக்கு முந்தைய கோடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். எண் முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை, "வரம்பு ஒன்று வருகிறது" என்ற தகவலே பலருக்குப் போதும்.

வரம்பின் அளவு பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 12 ஆட்டம் என்று வைத்துக்கொண்டாலும், அடிபடாமல் எல்லாவற்றிலும் இறங்கினால்தான் ஐந்து ஆண்டில் 60 வரும். இவருக்கு 28 எடுக்கவே ஐந்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 25 என்பது ஓரளவு யதார்த்தமான எண். ஆனால் அந்த எண்ணை ஆய்வு செய்து கண்டுபிடிக்கவில்லை. வேலைநிறுத்த மிரட்டலுக்கு நடுவே பேரம் பேசி வந்தது அது. உள்ளூர் அணிகளின் சம்பள வரம்பு சுருங்கும்போது, 25ஐ எட்டாத 22, 23 வயதுக்காரர்கள்தான் முதலில் வெளியே தள்ளப்படுவார்கள். 2023இல் வந்த விதி அவர்களைப் பற்றி யோசிக்கவில்லை.

வீரர் பக்கம்: வெளிநாட்டு ஒப்பந்தத்தில், நாட்டு அணிக்கான தகுதி விதி மாறினால் முதல் பருவத்துக்கு முன்போ முடிவிலோ விலகிக்கொள்ளும் உரிமையைக் கேட்கலாம். பணக்காரக் கிளப்புகள் இதற்கு எளிதில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், சம்பளத்தில் கொஞ்சம் குறைப்பார்கள். தூலோன் இரண்டாம் ஆண்டின் நடுவில் இவரை விடுவிக்க முன்வந்ததைப் பார்த்தால், 2017இலேயே பேசியிருந்தால் அப்படியொரு ஷரத்துக்கு அவர்களும் ஏதோ ஒரு விலையில் இறங்கி வந்திருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.